மழையில் முன்சில்லுகள்: காலியில் இருக்கும் மகளுக்கு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புள்ள மகளுக்கு,

நீ தொலைபேசியில் கேட்ட கேள்விக்கு வீட்டு இரைச்சலின் நடுவே ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. ஆகையால் ஆறுதலாக எழுதுகிறேன். மழை பெய்யும்போது தும்முல்லைச் சந்தியில் விளக்குப் பச்சைக்கு மாறிப் புறப்பட்டால் ஸ்டியரிங் கையை மீறி இடப்பக்கம் இழுக்கிறது என்றாய். காரை விற்றவரோ, அதில் எல்.எஸ்.டி. (ஒரு சில்லு தனியே வழுக்கிச் சுற்றுவதை மட்டுப்படுத்தும் டிஃபரென்ஷியல்) பூட்டியிருப்பதால் மழைக்குப் பயப்படவே தேவையில்லை என்று சொல்லித் தந்திருக்கிறார். அவர் சொன்னது பாதி உண்மை. மற்றப் பாதியை அவர் அறிந்திருக்கவில்லையோ, அறிந்தும் சொல்லவில்லையோ, எனக்குத் தெரியாது. அப்பா அந்தப் பழைய சிவிக்கை விற்றுவிட்டு வேகன்-ஆர் ஒன்று எடுக்கச் சொல்கிறார். அந்த வழக்கில் நான் உன் பக்கந்தான். ஆனால் உன் பக்கம் நின்று வாதாடுவதற்கு நீ காரை விளங்கிக்கொண்டு ஓட்டவேண்டும்.

முதலில், எஞ்சினின் விசையை இரண்டு முன்சில்லுகளுக்கும் பங்கிடும் சாதாரண டிஃபரென்ஷியலை, சுருக்கமாக டிஃபை, நினைத்துப்பார். வளைவில் வெளிச்சில்லு கூடுதல் தூரம் ஓடவேண்டியிருப்பதால், இரண்டு முன்சில்லுகளும் வெவ்வேறு வேகத்தில் சுழல அது இடங்கொடுக்கிறது. அதற்கு நாம் கொடுக்கும் விலை, அது இரண்டு சில்லுகளுக்கும் எப்போதும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் பங்கிடும் என்பது. நாரஹேன்பிட்டி ரயில் கடவையில் முன்னால் நிற்கும் பஸ்ஸுக்காக நீ நிறுத்திவிட்டாய், உன் இடது முன்சில்லு நனைந்த தண்டவாளத்தின்மேலும் வலது சில்லு தார்மேலும் நிற்கின்றன என்று வைத்துக்கொள். நனைந்த இரும்பு கொஞ்ச விசையைத்தான் தாங்கும், அதற்குமேல் கொடுத்தால் அந்தச் சில்லு சும்மா சுற்றும். தாரில் நல்ல பிடியோடு நிற்கும் வலது சில்லுக்கும் அதே கொஞ்ச விசைதான் கிடைக்கும். எஞ்சின் இரைகிறது, கார் அசைவதில்லை, பின்னால் நிற்கும் ஓட்டோக்காரர் ஹோர்ன் அடிக்கிறார்.

எல்.எஸ்.டி. இந்த இடத்தில்தான் உதவுகிறது. ஒரு சில்லு மற்றதைவிட அதிகமாகச் சுற்ற முற்படும்போது உள்ளே உராய்வை ஏற்படுத்தி, பிடியுள்ள சில்லுக்கு விசையின் பெரும் பங்கை அனுப்புகிறது. உன் காரைப் போன்றவற்றில் இரண்டு வகைகள் காணப்படும். ஒன்று சாய்பல் வகை: வளைந்த பற்களுள்ள சிறு பல்சக்கரங்கள் ஒன்றையொன்று அழுத்தி வேலைசெய்யும். ஹொண்டா 1997இல் ஜப்பானில் விற்ற சிவிக் டைப் ஆரில் தொழிற்சாலையிலேயே பூட்டி வந்தது இந்த வகைதான். மற்றது தட்டு வகை: கிளச்சில் இருப்பதுபோன்ற மெல்லிய உராய்வுத் தட்டுகளை அடுக்கிச் செய்தது, பந்தயக்காரர்கள் பெரிதும் விரும்புவது. சாய்பல் வகை பிடி குறைந்த சில்லு தாங்கும் விசையைப் பெருக்கி மற்றதற்குக் கொடுக்கும். இரண்டு மடங்கு கொடுக்கும் அமைப்பென்றால், ஒன்று 100 அலகு தாங்கினால் மற்றதற்கு 200 வரை போகும். ஆனால் ஒன்று முற்றாகப் பிடி இழந்தால் பெருக்குவதற்கு எதுவுமில்லை. தட்டு வகைக்குள் தட்டுகளை எப்போதும் நெருக்கி வைத்திருக்கும் முன்னழுத்தம் இருப்பதால் அப்போதும் ஓரளவு இழுக்கும். அதற்குப் பதிலாக, வாகனத் தரிப்பிடத்தில் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி ஊரும்போது கடகடவென்று முறைப்பாடு செய்யும்.

உன் காரில் எது இருக்கிறது என்று விற்றவரைத் திரும்பக் கேட்டுப் பயனில்லை. கராஜில் காரின் முன்பகுதியைத் தூக்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, ஒரு முன்சில்லைக் கையால் சுற்றச் சொல். மற்றச் சில்லும் அதே திசையில் கூடவே சுற்றினால் தட்டு வகை. எதிர்த்திசையில் சுற்றினால் சாய்பல் வகையாக இருக்கலாம், எல்.எஸ்.டி. என்று சொல்லி ஏமாற்றப்பட்டிருந்தால் சாதாரண டிஃபரென்ஷியலாகவும் இருக்கலாம், தட்டு முற்றாகத் தேய்ந்ததாகவும் இருக்கலாம். உன் ஸ்டியரிங் இழுக்கும் விதத்தைக் கேட்டால் உள்ளே ஏதோ வேலைசெய்யும் டிஃப் ஒன்று இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது.

ஏனென்றால் அந்த இழுப்பு பழுதல்ல, அதன் வேலை. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். வீதியின் இடது ஓரத்தில்தான் தண்ணீரும் மணலும் பஸ்கள் சிந்திய எண்ணெயும் வந்து சேரும். நீ புறப்படும்போது இடது சில்லு அந்த வழுக்கலில் நழுவுகிறது, டிஃப் உடனே விசையை வலது சில்லுக்குத் தள்ளுகிறது. வலப்பக்கம் மட்டும் பலமாக முன்னுக்குத் தள்ளினால் காரின் மூக்கு இடப்பக்கந்தான் திரும்பும், அதாவது பிடியில்லாத பக்கத்தை நோக்கி. சாதாரண டிஃப் உள்ள கார் அதே இடத்தில் ஒரு சில்லைச் சுற்றிக்கொண்டு நேராக நின்றிருக்கும். ஆகவே மழையில் விளக்கிலிருந்து புறப்படும்போது ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் பிடி, கிளச்சை மெதுவாக விடு, ஆக்சிலேட்டரை அடுத்த கியர் வரும்வரை ஒரே அளவில் வைத்திரு. இழுக்கிறது என்று பயந்து காலைத் திடீரென்று எடுத்தால் கார் மறுபக்கம் துள்ளும். அந்த நேரத்தில் வலப்புறம் ஒரு மோட்டார் சைக்கிள் நுழைந்துகொண்டிருக்கும் என்பது கொழும்பில் நிச்சயம்.

இனித்தான் முக்கியமான விடயம். எல்.எஸ்.டி. பிடியைப் பங்கிடுமே தவிர உண்டாக்காது. வீதியைத் தொடும் டயரின் பகுதி உள்ளங்கை அகலந்தான். அந்த அகலத்திலிருந்துதான் இழுப்பு, திருப்பம், பிரேக் எல்லாம் வரவேண்டும். முன்சில்லுகள் இழுக்கும் காரில் இழுப்பதும் திருப்புவதும் ஒரே சோடி டயர்களின் பொறுப்பு என்பதால், ஒன்றுக்குச் செலவழித்தது மற்றதற்கு இல்லை. காய்ந்த தாரில் இருக்கும் பிடியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மழை எடுத்துவிடும். பல நாள் வெயிலுக்குப் பிறகு பெய்யும் முதல் மழையின் முதற் சில நிமிடங்களில், தூசியும் எண்ணெயும் சேர்ந்து கூழாகும்போது, இன்னும் மோசம். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரங்களில் இடியோடு கொட்டும் மழை அப்படிப்பட்டதுதான், நீ வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்கு வரும் நேரமும் அதுவே.

கொட்டாவையில் அதிவேகப் பாதையை விட்டு இறங்கும் வளைவில் என்ன நடக்கிறது என்று பார். காய்ந்த வீதியில் வளைவின் நடுவே மெதுவாக ஆக்சிலேட்டரை அழுத்தினால் டிஃப் வெளிச்சில்லுக்கு விசையை அனுப்பி, மூக்கை உள்ளே இழுத்துக்கொண்டு போகும். அந்த உணர்வு சுகமானது, எனக்கும் பிடிக்கும். சாதாரண டிஃப் உள்ள காரில் நீ அளவுக்கு மிஞ்சி அழுத்தினால் உட்சில்லு முதலில் சுற்றும், சத்தம் கேட்கும், வேகம் தானாகவே மட்டுப்படும். வெளிச்சில்லு தன் பிடியைத் திருப்பத்துக்கென்று வைத்திருக்கும். அது ஒருவகை எச்சரிக்கை மணி. எல்.எஸ்.டி. அந்த மணியைக் கழற்றிவிடுகிறது. உட்சில்லால் முடியாததை வெளிச்சில்லின் தலையில் ஏற்றிக்கொண்டே போய், ஈரத்தில் அதன் பிடியும் முடியும் கணத்தில் இரண்டும் சேர்ந்து வழுக்கத் தொடங்கும். அப்போது நீ ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் வளைவின் வெளி ஓரத்தை நோக்கி நேரே போகும். அதுவரை எல்லாம் சரியாக இருப்பதுபோலவே இருக்கும், அதுதான் இதன் பொல்லாத குணம்.

அந்த நிலை வந்தால் மேலும் திருப்பாதே. ஸ்டியரிங்கைச் சற்றுத் தளர்த்தி, ஆக்சிலேட்டரைச் சிறிது சிறிதாகக் குறை. சில்லுகள் மீண்டும் பிடிக்கும்போது கையில் பாரம் திரும்பி வருவதை உணர்வாய், அதன்பிறகு திருப்பு. காலை ஒரேயடியாக எடுப்பதும் பிரேக்கை மிதிப்பதும் இன்னொரு விபத்துக்கு வழி: பாரம் முழுவதும் முன்னுக்குச் சாயும், திரும்பியிருக்கும் முன்சில்லுகள் திடீரென்று பிடிக்கும், பாரமிழந்த பின்பகுதி சுழன்று முன்னே வரப் பார்க்கும். உன் கார் குட்டையானது, அதன் எடையில் ஐந்தில் மூன்று பங்களவு முன்னால்தான் இருக்கிறது. பின்டயர்கள் தேய்ந்திருந்தால் இது இன்னும் எளிதாக நடக்கும். முன்சில்லு இழுக்கும் காருக்குப் புது டயரை முன்னால்தான் போடவேண்டும் என்று கடைக்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். டயர்த் தயாரிப்பாளர்கள் சொல்வது நேர்மாறு, நல்ல சோடி பின்னால் போகவேண்டும். என்னைக் கேட்டால் உன் காருக்கு நான்கையும் ஒன்றாக மாற்றுவதே சரி. முன் இரண்டும் ஒரே வகையாக, ஒரே தேய்மானத்தோடு இருந்தே ஆகவேண்டும். ஒன்று தேய்ந்து சுற்றளவு குறைந்திருந்தால், நேர்வீதியிலும் டிஃப் ஓயாமல் வேலைசெய்து காரை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும், தானும் தேயும்.

அதிவேகப் பாதையில் இருக்கும் ஆபத்து வேறு. தண்ணீரை டயர் ஒதுக்கித் தள்ள நேரம் போதாவிட்டால் அது தண்ணீரின்மேல் ஏறிவிடும். நாசா ஆய்வாளர்கள் 1963இல் வெளியிட்ட கணக்கின்படி, வழுவழுப்பான டயர் எந்த வேகத்தில் மிதக்கத் தொடங்கும் என்பது அதன் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 32 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கு அது மணிக்குச் சுமார் 94 கிலோமீற்றர், 24 பி.எஸ்.ஐ. ஆனால் 82க்குக் கிட்ட. விமான டயர்களை வைத்துக் கண்ட கணக்கு என்பதால் உன் காருக்கு அப்படியே பொருந்தாது, நல்ல பள்ளமுள்ள டயர் இன்னும் தாக்குப்பிடிக்கும். ஆனாலும் அந்தப் பாதையின் உச்ச வேகம் 100 என்பதையும், மழை நேரத்தில் 60க்குக் குறைக்கும்படி கேட்டுக்கொள்கிறார்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார். மிதக்கும் சில்லுகளுக்கு எல்.எஸ்.டி. இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஸ்டியரிங் திடீரென்று இலேசாகி எஞ்சின் சத்தம் ஏறினால், கையை நேராக வைத்துக் காலை மெல்லத் தளர்த்து. ஆக்சிலேட்டரை அழுத்தியபடி இருக்கும்போது ஒரு சில்லு மட்டும் முந்திப் பிடித்தால் டிஃப் அந்தப் பக்கத்துக்கு விசையின் பெரும் பங்கைக் கொடுத்து ஸ்டியரிங்கைப் பிடுங்கும்.

பிரேக் தூரத்தை எல்.எஸ்.டி. ஓர் அடியும் குறைக்காது. பிரேக் பிடிக்கும்போது சில்லுகள் இறுகி நின்றுவிடாமல் காக்கும் ஏ.பி.எஸ். உன் காரில் இல்லை என்பதால் முன்வாகனத்துக்கும் உனக்கும் இடையிலுள்ள இடைவெளியை மழையில் இரண்டு மடங்காக்கு. அந்த இடைவெளிக்குள் யாராவது நுழைவார்கள், நுழையட்டும். கியரைக் குறைக்கும்போது கிளச்சைச் சட்டென்று விடாதே. எஞ்சினின் இழுப்பால் ஈரத்தில் முன்சில்லுகள் ஒரு கணம் பிடியிழந்து வழுக்கும், தட்டு வகையில் சில அமைப்புகள் அப்போதும் இரண்டு சில்லுகளையும் சேர்த்துக் கட்டிவிடும்.

டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பள்ளம் எவ்வளவு இருந்தாலும் பழைய டயரின் ரப்பர் இறுகிவிடும், இறுகியது ஈரத்தில் பிடிக்காது. ஜப்பானிலிருந்து பாவித்து வரும் டயர்களை மலிவென்று வாங்குமுன் அந்த இலக்கத்தைப் பார். பள்ளத்தின் அடியிலுள்ள சிறு மேடுகள் 1.6 மில்லிமீற்றரில் வெளித்தெரியும், மழைக்கு அதுவரை காத்திருப்பது புத்தியல்ல, 3 மில்லிமீற்றரிலேயே மாற்று. உன் காரில் டிஃபும் கியர்ப்பெட்டியும் ஒரே எண்ணெயில்தான் ஓடுகின்றன. தட்டு வகை என்று தெரிந்தால் அதைச் செய்த நிறுவனம் சொல்லும் எண்ணெயையே ஊற்றச் சொல், கராஜில் பீப்பாயிலிருந்து ஊற்றுவதற்கு விடாதே.

வருகிற சனிக்கிழமை நீ இங்கே வந்தால் காரைத் தூக்கிப் பார்ப்பதற்கு நானும் கூட வருகிறேன். டயர் மாற்றும்வரை மழையுள்ள வெள்ளிக்கிழமைகளில் காரைக் காலியில் விட்டுவிட்டு ரயிலில் வா. வெள்ளவத்தையில் நிற்காத ரயிலென்றால் பம்பலப்பிட்டியில் இறங்கு, அப்பா ஓட்டோ பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்.

அன்புடன்,
அம்மா