கெனில்வொர்த்தின் ஏரிக்கரை: கோட்டைச் சுற்றுலா நடத்தும் தமிழ்ச் சங்கத்தாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

விடுமுறை நாள்களில் நம் பிள்ளைகளை இங்கிலாந்துக் கோட்டைகளுக்கு அழைத்துச் செல்லும் உங்கள் உழைப்பை நான் பெரிதும் மதிக்கிறேன். வாரிக்‌ஷயரிலுள்ள கெனில்வொர்த்துக்குப் போகும்போது மட்டும், மதில்களைக் காட்டுமுன் மண்ணைக் காட்டுமாறு வேண்டுகிறேன்.

தெற்கிலுள்ள வண்டி நிறுத்துமிடத்திலிருந்து கோட்டைக்குள் செல்லும் நீண்ட மேட்டுப் பாதையை, குதிரை வீரர்கள் ஈட்டிப் போட்டி நடத்திய களம் என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அது போட்டிக்களமாக இருந்தது உண்மையே. ஆனால் அடிப்படையில் அது ஓர் ஏரியின் கரை. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் மன்னர் செய்வித்த வேலைகளால், ஃபின்ஹாம், இஞ்ச்ஃபர்ட் என்னும் இரண்டு சிற்றோடைகளின் நீர் தேங்கி, ஏறத்தாழ 100 ஏக்கருக்குப் பரந்து நின்றது. கரையில் நின்று இடப்பக்கம் பாருங்கள்: நீர் நின்ற இடமெல்லாம் இன்று தாழ்ந்த புல்வெளி. ஏரிக்கரையில் நடந்து வளர்ந்த நம் பெற்றோருக்கு, அந்தப் பள்ளம் எதனால் அவ்வளவு சமமாகக் கிடக்கிறது என்று விளக்கவே வேண்டாம். பிள்ளைகளுக்கு அவர்களே சொல்லட்டும்.

1266இல் மூன்றாம் ஹென்றி மன்னரின் படை, அவரை எதிர்த்த கலகக்காரர்களின் கையிலிருந்த இக்கோட்டையை ஆறு மாதம் முற்றுகையிட்டது. நீரைக் கடந்து தாக்குவதற்காகச் செஸ்டரிலிருந்து படகுகளைக்கூட வரவழைத்தார்கள், பயனில்லை. பசியும் நோயும்தான் கடைசியில் உள்ளிருந்தோரைப் பணிய வைத்தன. மதிலின் உயரத்தை மட்டும் பார்த்துத் திரும்புகிறவருக்கு இந்த முற்றுகை பாதிதான் புரியும் என்பது என் உறுதியான கருத்து.

இன்னும் ஓர் இடம் உண்டு. ஏரியின் மறுகோடியில், ஐந்தாம் ஹென்றி 15ஆம் நூற்றாண்டில் இரட்டை அகழி சூழ ஓர் இன்ப மாளிகை அமைத்து, கோட்டையிலிருந்து படகிலேயே போய்வர ஏற்பாடு செய்திருந்தார். கட்டடம் இல்லை, சதுரமாக எழுந்து தாழும் மண்மேடுகளும் படகு நிறுத்திய பள்ளமும் இன்றும் புல்லுக்கடியில் தெளிவாகத் தெரிகின்றன. உள்நாட்டுப் போருக்குப் பின், 1649-50 வாக்கில், கரையை உடைத்து ஏரியை வடித்துவிட்டதால்தான் அங்கே இப்போது காலால் நடந்து போக முடிகிறது.

ஆகவே, அடுத்த பயணத்தில் கரைக்கு அரை மணி நேரமும், அந்த மேடுகள் வரை நடந்து திரும்ப ஒரு மணி நேரமும் ஒதுக்குங்கள். மழைக்குப் பின் வழி சேறாகும் என்பதால், நல்ல காலணியோடு வரும்படி முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்களோடு பயணம் வரும் ஒருவர்