மலையேற்றச் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் மாதந்தோறும் கூடியது. தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கு உங்கள் கையில் இருக்கிறது. சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை.

தை மாதத்தில் நம் பொருளாளர் காலமானார். எனக்கு அவர் தாய்மாமா. அதனால் இந்தப் பகுதியை வேறு யாராவது எழுதட்டும் என்றேன், செயற்குழு கேட்கவில்லை.

கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாகக் கொடைக்கானலுக்கு ஏறும் பாதைதான் மாமாவுக்கு மலை. பஸ் போகிற இடமெல்லாம் வெறும் ஊர். 1845இல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் குடியேறத் தொடங்கியபோது பெரியகுளம் பக்கத்துச் சரிவில்தான் ஆட்களும் சாமான்களும் ஏறின. “வீடு கட்டியவர் பெயர் தெரிகிறது, சுமந்தவர் பெயர் தெரிகிறதா?” என்று புதிதாகச் சேர்ந்த ஒவ்வொருவரையும் மடக்குவார். பழைய ஆட்கள் அந்த இடம் வந்ததும் தண்ணீர் குடிக்க ஒதுங்கிவிடுவோம்.

வெள்ளகவிக்குள் யாரும் செருப்புப் போட்டு நடப்பதில்லை. ஊர் எல்லையிலேயே மாமா பூட்ஸைக் கழற்றி, இரண்டு நாடாக்களையும் முடிச்சிட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்வார். சாக்ஸோடு போகலாமா என்று கேட்ட கல்லூரி மாணவரிடம், “கோயிலுக்குள் அப்படித்தான் போவீர்களா தம்பி?” என்றார். அந்தத் தம்பி இன்று நம் இணைச் செயலாளர்.

நடையில் மாமா எப்போதும் கடைசி ஆள். மூச்சு வாங்குகிறவர்கள், முட்டி பிடித்தவர்கள் எல்லாம் தாமாகவே அவர் பக்கம் ஒதுங்குவார்கள். அவர் பையில் கடலைமிட்டாய் இருக்கும் என்பதும் ஒரு காரணம். அந்தச் செலவை அவர் ஒருநாளும் சங்கக் கணக்கில் எழுதியதில்லை.

2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பரவிய தீ 23 உயிர்களைக் கொண்டுபோனது. நம் மாவட்டத்து மலை அது. காய்ந்த புல்லில் காற்றோடு ஏறும் தீயை மனிதக் கால்கள் முந்த முடியாது. அதன் பிறகு, முறையான அனுமதி இருந்தாலும்கூட, மாசி முதல் சித்திரை வரை புல்சரிவு நடை கூடாது என்று மாமா பிடிவாதமாக நின்றார். பயந்தாங்கொள்ளித்தனம் என்று சிலர் பேசினார்கள். அவர் யாரோடும் வாதாடவில்லை. பங்குனி நடைக்குப் பணம் தர மறுத்துவிட்டார். பெட்டிச் சாவி அவரிடம் இருந்தது.

2024 இறுதியில் வனத்துறை 40 மலையேற்ற வழித்தடங்களை இணையப் பதிவுடன் திறந்தது. கட்டணப் பட்டியலைப் பார்த்து முகம் சுளித்தவர், வழிகாட்டிகள் மலைக்கிராமத்து இளைஞர்கள் என்று தெரிந்ததும் சமாதானமானார்.

பாதையில் அவர் பெயரில் நினைவுக்கல் நட வேண்டும் என்று சில உறுப்பினர்கள் கடிதம் கொடுத்தார்கள். அனுமதி கேட்டு மனு எழுத வேண்டியவன் நான். எழுத மனம் வரவில்லை. பாறையில் பெயர் கிறுக்கியவர்களை, அந்தப் பெயரையே வாசித்துத் திட்டிய மனிதர் அவர். அதற்குப் பதிலாக இரண்டு தீர்மானங்களைச் செயற்குழு பரிந்துரைக்கிறது. ஒவ்வொரு நடையிலும் செயற்குழு உறுப்பினர் ஒருவர் கடைசி ஆளாக வர வேண்டும். கோடையில் புல்சரிவு நடை கூடாது என்பது விதியாகவே எழுதப்பட வேண்டும். சாவி யாரிடம் இருந்தாலும் இது பொருந்தும்.

சாலை இல்லாத மலைக்கிராமங்களில் நோயாளியை டோலி கட்டித்தான் இறக்குகிறார்கள். நம் நடைகளில் ஒருவருக்குக் கால் பிசகினால் அதுவும் கைவசம் இல்லை. எனவே மடக்கு ஸ்ட்ரெச்சர் ஒன்று வாங்கினோம். பாதி விலையை அத்தை கொடுத்தார்; ரசீது வாங்க மறுத்தார், பொருளாளர் வீட்டில் இது நடக்கலாமா என்று சொல்லி வாங்க வைத்தோம்.

புதிய பொருளாளர் தேர்தல் இன்று நடைபெறும். அதற்கு முன் பொதுக்குழு முடிவு செய்ய வேண்டிய ஒன்று உண்டு. கணக்கில் ‘குறிஞ்சி 2030 முன்பணம்’ என்று ஒரு தொகை கிடக்கிறது. 2018இல் நீலக்குறிஞ்சி பூத்து ஓய்ந்த கையோடு, அடுத்த பூப்புக்கு என்று மாமா நம்மிடம் வசூலித்தது. முதல் பெயர் அவருடையது. அதைப் பொது நிதிக்கு மாற்றலாம் என்கிறார் தணிக்கையாளர். அப்படியே இருக்கட்டும் என்பது செயற்குழுவின் கருத்து. உங்கள் ஒப்புதலை வேண்டுகிறேன்.

நன்றி. வணக்கம்.

செயலாளர்