ஒளிகிற ஆளுக்கு எதற்கு வெள்ளை அங்கி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வீடியோ கேம்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். சுவரில் படிந்த ஈரம், தண்ணீரில் ஆடும் விளக்கொளி, நாயகன் நெற்றியில் துளிர்க்கும் வேர்வை வரை எல்லாம் தத்ரூபமாக வந்துவிட்டதென்று கட்டுரையாளர் வியந்திருந்தார். வியக்க வேண்டியதுதான், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த வேர்வைக்குக் கீழே அந்த ஆள் போட்டிருக்கும் உடுப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த வருத்தத்தில்தான் எழுதுகிறேன்.

நான் 31 வருடம் நாடகங்களுக்கு உடை தைத்தவன். ராஜா, மந்திரி, பிச்சைக்காரன், பேய், போலீஸ், திருடன் என்று எல்லோருக்கும் அளவெடுத்திருக்கிறேன். இப்போது கண் மங்கிவிட்டது. ஊசியில் நூல் கோக்கப் பேத்தியைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. அவள் கேம் ஆடுவாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டே பார்ப்பேன். மோதிச் சண்டை போடுவதைவிடப் பதுங்கிப் பதுங்கிப் போகிற கேம்கள்தான் அவளுக்குப் பிடிக்கும். எனக்கும் அதுதான் வசதி. சத்தம் குறைவு.

பல நாள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தவனை வம்பில் இழுத்துவிட்டது ஒரு மாறுவேடப் போட்டி. 'அசாசின்ஸ் கிரீட்' என்ற கேமின் இரண்டாம் பாகத்து நாயகன் எட்சியோவைப் போலவே உடை வேண்டும் என்றாள். படத்தைக் காட்டினாள். ஆள் மறைந்திருந்து கொல்கிறவன். உடையோ கல்யாண மாப்பிள்ளைக்கு ஆகும். தலை முதல் முழங்கால்வரை பளீரென்ற வெள்ளை. இடுப்பில் சிவப்புக் கச்சை, அதன் நுனி கீழே தொங்குகிறது. இடது தோளில் ஒரு குட்டை மேலங்கி. முன்னும் பின்னும் வால் வாலாகத் துணி. மார்பிலும் இடுப்பிலும் வார்கள், வாருக்கு வார் பக்கிள். தலையில் கழுகு மூக்குப் போல முன்னால் கூர்ந்த முக்காடு.

சரி, பேத்தி கேட்டாள், தைத்தேன். எட்டு மீட்டர் துணி இழுத்தது. முக்காட்டின் அந்த மூக்கு மட்டும் மூன்று நாள் வேலை. உள்ளே கேன்வாஸ் வைத்தால் விறைக்கிறது, வைக்காவிட்டால் கண்ணில் விழுகிறது.

தைத்து முடித்த அன்று ராத்திரி அதைப் போட்டுக்கொண்டு தம்பியோடு கண்ணாமூச்சி ஆடினாள். விளக்குகளை எல்லாம் அணைத்தாயிற்று. அவனுக்கு ஏழு வயது, கேம் ஆடவே தெரியாது. முதல் ஆட்டத்தில் பீரோவுக்குப் பக்கத்தில் ஒட்டி நின்றாள். அறை வாசலிலேயே நின்று, "அக்கா, வெள்ளையா தெரியுற" என்றான். இரண்டாவது முறை திரைச்சீலைக்குப் பின்னால் போனாள். பக்கிளும் பக்கிளும் உரசிக் கிலுக்கென்றது. சத்தம் வந்த பக்கமே நேராக வந்து பிடித்தான். மூன்றாவது முறை ஓடும்போது தோள் துணி பீரோக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டது. முக்காடு இரண்டு பக்கப் பார்வையையும் மறைத்திருந்ததால் தம்பி வலது பக்கம் வந்து நின்றதுகூட அவளுக்குத் தெரியவில்லை. மறைகிறவன் நாலு பக்கமும் பார்த்தாக வேண்டும். அவனுக்குப் போய்க் குதிரைக்குக் கட்டுகிற கண்மறைப்பு மாதிரி ஒன்றை யார் தைத்துக் கொடுப்பார்கள்?

எல்லோரும் அந்தச் சிவப்புக் கச்சையைத்தான் குறை சொல்வார்கள். அதை மட்டும் நான் விட்டுவிடுவேன். நாடகத்தில் ராத்திரிக் காட்சிக்கு நீல விளக்குப் போடுவோம். அந்த வெளிச்சத்தில் சிவப்புத் துணி கறுத்துப் போகும். மங்கலான இருட்டில் வெறுங்கண்ணுக்கும் கிட்டத்தட்ட அதே கதைதான், முதலில் மங்குவது சிவப்புதான். புர்க்கின்யே என்ற செக் நாட்டு விஞ்ஞானி 19ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்து எழுதிவிட்டார். ஆக, ராத்திரியில் அந்தக் கச்சை தப்பிக்கும். வெள்ளை தப்பாது. கடைசிவரை கண்ணில் தங்குகிற நிறம் அது.

கேம் செய்தவர்களுக்கு நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 2007இல் வந்த 'அசாசின்ஸ் கிரீட்' முதல் பாகத்தில் கதை நடப்பது 1191இல், ஜெருசலேம், டமாஸ்கஸ் மாதிரியான ஊர்களில். அங்கே வெள்ளை அங்கி போட்ட அறிஞர்கள் கூட்டமாகத் தலைகுனிந்து நடப்பார்கள். நாயகன் அவர்களுக்கு நடுவில் நுழைந்து காவலைத் தாண்டுவான். அங்கே அந்த உடைக்கு ஒரு காரணம் இருந்தது. இரண்டாம் பாகத்தில் கதை இத்தாலிக்குப் போய்விட்டது, அறிஞர் கூட்டம் போய்விட்டது, அங்கி மட்டும் கூடவே வந்துவிட்டது. அதில் நாயகனைத் தேடிச் சுவரில் சுவரொட்டி ஒட்டுவார்கள். அவன் போய் அதைக் கிழித்துவிட்டால் காவலர்களின் சந்தேகம் குறையும். படத்தைக் கிழித்தவன் அதே அங்கியோடுதான் அடுத்த தெருவுக்குப் போகிறான்!

'ஸ்ப்ளின்டர் செல்' என்று 2002இல் தொடங்கிய கேம் ஒன்று. நாயகன் சாம் ஃபிஷர் இருட்டில் வாழ்கிறவன். விளக்கைச் சுட்டு உடைப்பான். எவ்வளவு வெளிச்சத்தில் நிற்கிறான் என்று காட்ட ஓர் அளவுகோலே திரையில் உண்டு. உடுப்பும் உடம்போடு ஒட்டிய கறுப்பு; தையலில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் நெற்றியில் மாட்டியிருக்கும் கண்ணாடியில் மூன்று பச்சை விளக்குகள் எரிகின்றன. இருட்டில் பார்க்க உதவும் உண்மையான கருவியில் வெளிச்சம் முன்பக்கக் கண்ணாடி வழியாக உள்ளே போகும். பச்சைப் படம் போட்டிருப்பவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். இவனுடையது பண்டிகைச் சீரியல் பல்பு மாதிரி வெளியே எரிகிறது. காவலாளி இரண்டடி தள்ளி நின்று கொட்டாவி விடுகிறான். பேத்தியிடம் கேட்டேன். "தாத்தா, அது அவனுக்கு இல்ல, எனக்கு. இல்லேன்னா இருட்டுல அவன் எங்க இருக்கான்னு எனக்கே தெரியாதே" என்றாள்.

அந்தப் பதிலில் நான் கொஞ்சம் வாயடைத்துப் போனேன். ஏனென்றால் அதே தப்பை நானும் செய்திருக்கிறேன். ஒரு நாடகத்தில் திருடன் வேடத்துக்குக் கறுப்பு வெல்வெட்டில் அருமையாகத் தைத்தேன். மேடையின் பின்திரையும் கறுப்பு. ஒத்திகையில் அந்த நடிகர் உள்ளே வந்ததும் ஒரு முகமும் இரண்டு கையும்தான் மிதந்தன. இயக்குநர் கத்தின கத்தில் அன்று ராத்திரியே உட்கார்ந்து கால்சட்டை ஓரமெல்லாம் வெள்ளி ஜரிகை ஓட்டினேன். மறுநாள் திருடன் மினுமினுவென்று பதுங்கினான், சபை கைதட்டியது. உடை திருடனுக்காகத் தைக்கப்படுவதில்லை, பார்க்கிறவனுக்காக என்பது எனக்கும் தெரியும்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு, இதைத் தையல்காரன் கண்ணால் பார்த்தால்தான் பிடிபடும். மேடையில் நடிகர் முதுகைக் காட்டமாட்டார். அதனால் பின்பக்கம் மலிவுத் துணி போட்டு நாலு ஊக்குக் குத்தி அனுப்பிவிடுவோம். கேமில் தலைகீழ். கேமரா நாயகனுக்குப் பின்னாலேயே வருகிறது. ஆடுகிறவர் மணிக்கணக்கில் பார்ப்பது முதுகை. அங்கேதான் வாலும் கச்சை நுனியும் மேலங்கியும் ஆடுகின்றன. 'ஹிட்மேன்' கேமில் ஏஜென்ட் 47 என்ற மொட்டைத் தலையனுக்குப் பின்மண்டையில் பார்கோடு குத்தியிருப்பதை நினைத்துப் பாருங்கள். அடையாளம் தெரியாமல் ஊருக்குள் நடமாட வேண்டியவனுக்குக் கடைச் சாமான் மாதிரி ஒரு முத்திரை, அதுவும் கேமரா நிற்கிற இடத்துக்கு நேரே!

அந்த 47மீது எனக்குத் தொழில்முறையில் வேறொரு கோபமும் உண்டு. காவலாளி, சமையல்காரர், தோட்டக்காரர் என்று யாரை மயக்கம் போட வைத்தாலும் அந்த ஆளின் உடையைக் கழற்றிப் போட்டுக்கொள்கிறான். ஒவ்வொன்றும் அளவெடுத்துத் தைத்த மாதிரி கச்சிதமாக உட்காருகிறது. தோள் இறக்கம் இல்லை, கை நீளம் குறையவில்லை, கால்சட்டை கணுக்காலுக்கு மேல் ஏறவில்லை. 31 வருடத்தில் ஒரு நடிகருக்குத் தைத்ததை இன்னொருவருக்குத் தையல் பிரிக்காமல் போட்டுவிட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை. ஆனாலும் இருக்கிற கேம்களிலேயே உடைக்கு உண்மையான மதிப்புக் கொடுத்தது இதுதான் என்பேன். கறுப்புக் கோட்டும் சிவப்பு டையும் போட்டு வந்தால் ஓர் இடத்தில் விடமாட்டார்கள், சமையல்காரர் உடுப்பில் வந்தால் விடுவார்கள். 2016இல் வந்த பாகத்தில், கூட வேலை பார்க்கிற சிலர் மட்டும் "இவன் நம்ம ஆள் இல்லையே" என்று கண்டுபிடித்தும் விடுவார்கள்.

உடையை இன்னும் ஒழுங்காகக் கணக்கில் எடுத்த கேம் 2004இலேயே வந்துவிட்டது: 'மெட்டல் கியர் சாலிட்' மூன்றாம் பாகம். கதை நடப்பது 1964இல், சோவியத் காட்டில். புல்லில் படுத்தால் ஓர் உடை, சேற்றுக்கு வேறொன்று, மரப்பட்டையில் சாய்ந்தால் இன்னொன்று. முகத்துக்கும் சாயம் உண்டு. எத்தனை சதவீதம் மறைந்திருக்கிறோம் என்று திரை மூலையில் எண் ஓடும். தப்பான உடையில் எழுந்து நின்றால் எண் சடாரென்று விழும். பேத்தி அதை ஆடும்போது மட்டும் நான் காஜாவைக் கீழே வைத்துவிடுவேன். அப்புறம் அதே வரிசையில் 2015இல் வந்த ஐந்தாம் பாகத்தில் குறிபார்த்துச் சுடும் ஒரு பெண் கிட்டத்தட்ட உள்ளாடையோடு மலைப்பாறையில் படுத்திருக்கிறாள். தோலால் மூச்சு விடுகிறாளாம், அதனால்தானாம். நாயகன் கழுத்துவரை மூடிக்கொண்டு நடக்கிறான். துணி கையிருப்பு இல்லாதபோது நாங்களும் இப்படித்தான் கதை சொல்வோம்.

ஆடுகிறவர் கண்ணுக்கு நாயகன் உருவமே தெரியாத கேம்களில் இந்தத் தொல்லை குறைவு என்பதையும் கவனித்தேன். 1998இல் வந்த 'தீஃப்' கேமில் திருடன் கண்ணாலேயே நாம் பார்க்கிறோம். முதுகைக் காட்ட வேண்டியதில்லை. இருண்ட மேலங்கியோடு முடிந்தது. மிச்சக் கவனமெல்லாம் காலடிச் சத்தத்துக்குப் போயிருக்கிறது. ஓடு பதித்த தரையில் டக் டக் என்று காட்டிக்கொடுக்கும், கம்பளத்தில் அடங்கிவிடும். 2012இல் வந்த 'டிஸ்ஆனர்ட்' கேமும் அப்படிக் கண்ணுக்குள்ளிருந்து பார்ப்பதுதான். ஆனால் அதன் நாயகனுக்கு மண்டையோடு மாதிரி உலோக முகமூடி. அது பெட்டி அட்டையில் போடுவதற்கு. ஊரெல்லாம் அந்த முகமூடிப் படம் ஒட்டித் தேடுகிறார்கள். ஒரே ஓர் இடத்தில் அது பொருந்துகிறது. பணக்காரர் வீட்டு மாறுவேட விருந்துக்கு அதோடு போவான். தேடப்படுகிற கொலைகாரன் வேடத்தில் வர எவ்வளவு துணிச்சல் என்று விருந்தாளிகள் பேசிக்கொள்வார்கள். அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தேன்.

உண்மையில் மறைந்து பிழைத்தவர்கள் எப்படி உடுத்தினார்கள்? ஜப்பானிய நிஞ்ஜாக்கள் துறவி, வியாபாரி, வேடிக்கை காட்டுகிறவன் என்று ஊரோடு ஊராகத்தான் போனார்கள். அந்த முழுக் கறுப்பு உடுப்பு நாடக மேடையிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். எங்கள் தொழிலின் பாவம்தான் அதுவும். மதுரைக்காஞ்சியில் வரும் இரவுக் கள்வர்களோ காலில் செருப்பு, இடுப்பில் நீலக் கச்சை, சுற்றிய மெல்லிய நூலேணி என்று வருகிறார்கள். ஜரிகை கிடையாது. அந்தப் பாட்டின் காவலர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை, திருட்டின் நுணுக்கத்தை நூல் வழியே கற்றவர்கள். கேமில் வரும் காவலாளி வெள்ளை அங்கியைப் பார்த்துவிட்டு, 'ஒன்றுமில்லை, காற்றாக இருக்கும்' என்று திரும்பிப் போய்விடுகிறான்.

ஆகவே தங்கள் இதழில் கேம் விமர்சனம் எழுதும் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். படத்துக்கு இவ்வளவு, இசைக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போடுகிறீர்கள் அல்லவா, உடைக்கும் ஒன்று போடுங்கள். அழகுக்குப் போட வேண்டாம். அந்தக் கேமின் காவலாளிக்கு அந்த உடை தெரிகிறதா இல்லையா என்பதற்குப் போடுங்கள். நாயகன் மினுக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. மினுக்கினால் பிடிபடவும் வேண்டும்.

பேத்தியின் அங்கியைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. கண்ணாமூச்சி தோல்விக்கு மறுநாள் அதன் லைனிங்கைப் பிரித்துவிட்டு உள்பக்கம் சேற்றுப் பழுப்பில் காட்டன் வைத்துத் தைத்தேன். திருப்பியும் போட்டுக்கொள்ளலாம். பக்கிள்களுக்கு அடியில் ஒட்டுத்துணி கொடுத்துச் சத்தத்தை அடக்கினேன். அன்று ராத்திரி பழுப்பை வெளியே திருப்பிப் போட்டு, முக்காட்டைப் பின்னால் தள்ளிவிட்டு ஒளிந்தாள். பையன் அரைமணி நேரம் தேடி அழுதே விட்டான். போட்டிக்குப் போன அன்று வெள்ளையைத்தான் வெளியே போட்டாள். பரிசு வாங்கி வந்தாள்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற நாடக உடைத் தையல்காரர்