பட்டியலில் இல்லாதவர்கள்

ஆசிரியருக்கு,

விசுவாச வாழ்க்கையில் அசட்டை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆராதனைக்குப் பிந்தி வருகிறவர்கள், பிரசங்க நேரத்தில் செல்போனைத் தடவும் வாலிபர்கள், கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் தலைகாட்டும் குடும்பங்கள் என்று எல்லோருக்கும் அதில் குட்டு விழுந்திருக்கிறது. வராதவர்களைக் குறை சொல்வது சுலபம். ஆனால் கட்டுரையாளர் ஆதாரமாகக் காட்டுவது, குளிருமின்றி அனலுமின்றி வெதுவெதுப்பாயிருக்கிறாய் என்று லவோதிக்கேயா என்ற பழைய ஊரின் சபையைக் கண்டிக்கும் நிருபம். அது அவர்களைப் பற்றியதுதானா?

அந்த நிருபம் உள்ள, வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் 3ஆம் அதிகாரத்தில், அந்தச் சபையார் ஜெபத்தில் குறைந்துபோனார்கள், கூடிவருவதை விட்டுவிட்டார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. தங்களுக்கு ஒரு குறைவுமில்லை என்று அவர்கள் சொல்லிக்கொண்டதுதான் ஆண்டவருக்கு ஆகவில்லை. அப்படிச் சொல்லிக்கொள்ள அவர்களிடம் காரணமும் இருந்தது. கி.பி. 60இல் நிலநடுக்கம் ஊரைத் தரைமட்டமாக்கியபோது, ரோம அரசின் கையை எதிர்பாராமல் சொந்தப் பணத்திலேயே திரும்பக் கட்டிக்கொண்டார்கள் என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். கறுப்பு ஆட்டு ரோமத்துக்குப் பேர்போன, பணம் புழங்கிய ஊர். தண்ணீர்தான் தகராறு. பக்கத்து ஊர்களான எராப்போலியில் வெந்நீர் ஊற்று, கொலோசெயில் குளிர்ந்த நீரோடை. இவர்களுக்கோ குழாயில் வர வேண்டும். சுண்ணாம்பு படிந்து அடைத்துப்போன அந்தக் குழாய்களைத் துருக்கியில் தெனிஸ்லி நகரத்துக்குப் பக்கத்தில் இன்றும் பார்க்கலாம். வெந்நீர் உடம்பு வலிக்கு ஆகும், குளிர்ந்த நீர் தாகத்துக்கு ஆகும், இவர்கள் தண்ணீர் இரண்டுக்கும் ஆகாது என்பது வேதபண்டிதர்கள் பலர் தரும் விளக்கம். எனக்கு அது சரியாகப் படுகிறது. அப்படியானால் ஸ்பீக்கர் அதிரப் பாடுகிற சபையும் வெதுவெதுப்பாக இருக்கலாம்.

எங்கள் பக்கத்துச் சபை ஒன்றில் சபை நிர்வாகத் தேர்தலுக்கு முன்பு வாக்காளர் பட்டியல் ஒட்டினார்கள். பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு விதவைத் தாயாரின் பெயர் அதில் இல்லை. சந்தா பாக்கியாம். மாதக்கணக்கில் அவர் கோயிலுக்கு வராததை யாரும் கேட்கவில்லை. சந்தா வராதது மட்டும் கணக்கில் ஏறியிருக்கிறது. தேர்தல் நெருங்கியதும் இரண்டு அணியும் அந்தத் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். ஓட்டு இல்லாத வீடு என்பதால் அவர் வாசலை மட்டும் தாண்டிப் போனார்கள். இவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. அசனம் என்னும் சபை விருந்துக்கு விடிய விடிய அடுப்படியில் நிற்பவர்கள். நல்ல சமாரியன் உவமையில், அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் எரிகோ சாலையில் விலகிப்போன ஆசாரியனும் லேவியனும்கூட யாரையும் அடித்தவர்கள் அல்லவே!

1903இல் இதே திருநெல்வேலிச் சீமையில்தான், பின்னாளில் பேராயரான அசரியா முதலானோர் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, நம் ஊர்க் காணிக்கையைக் கொண்டே தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் பக்கம் ஊழியர்களை அனுப்பினார்கள். உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை ஆண்டவருக்கென்று எடுத்துவைத்த வீடுகள் அன்றைக்கு நம்மிடையே இருந்தன. அந்தக் காலத்தார் எல்லோரும் பரிசுத்தவான்கள் என்று சொல்ல வரவில்லை. சாதி அப்போதும் கோயிலுக்குள் இடம் பிடித்துத்தான் உட்கார்ந்திருந்தது. ஆனாலும் முகம் பார்த்திராத ஊரைப் பற்றி அவர்களுக்கு ஒரு கவலை இருந்தது. நமக்கு அடுத்த தெருவைப் பற்றியே இல்லை.

வராதவர்களைப் பற்றி எழுதியாயிற்று. அடுத்த முறை, வாராவாரம் முன்வரிசையில் உட்காரும் எங்களைப் பற்றிக் கட்டுரையாளர் எழுதட்டும். சபைகளை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டிகளுக்கும் ஒரு வேண்டுகோள். சந்தா பாக்கிப் பட்டியலை முதலில் போதகரிடமும் பெண்கள் ஐக்கிய சங்கத்தாரிடமும் கொடுங்கள். அவர்கள் ஒருமுறை வீடுகளுக்குப் போய்விட்டு வரட்டும். அப்புறம் பெயரை அடிப்பதா வேண்டாமா என்று பேசலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை