இல்லாத தேதிக்கு நீங்களே முடிவு கட்டாதீர்கள்: நினைவூட்டி நிரலை எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நிரலாளர்களுக்கு,

வணக்கம். ஸ்கிரிப்ட் (நிரலுக்கான சிறு கட்டளை வரிகள்) எழுதி நினைவூட்டல்களை அமைத்துக்கொள்ளும் உங்கள் காலண்டர் நிரலை ஆறு வருடமாகப் பயன்படுத்துகிறேன். மாதக் கணக்கில் உள்ள பிழையைப் பற்றி நான் எழுதுவது இது நான்காவது முறை. முதல் மூன்று முறையும் "ஸ்கிரிப்டைக் கவனமாக எழுதுங்கள்" என்ற பதில்தான் வந்தது.

அம்மாவுக்கு மாதம் ஒரு ஊசி போட வேண்டும். முதல் ஊசி டிசம்பர் 31. அந்தத் தேதியைக் கொடுத்து, ஒவ்வொரு தடவையும் ஒரு மாதம் கூட்டச் சொல்லி இரண்டு வரி எழுதினேன். ஜனவரி 31 அன்று ஒழுங்காக மணி அடித்தது. பிப்ரவரி முழுக்கச் சத்தமே இல்லை. மார்ச் 3 அன்று அடித்தது. பிப்ரவரி 31 என்று ஒரு நாள் கிடையாது; 28 போக மிஞ்சிய மூன்று நாளை உங்கள் நிரல் தானாகவே மார்ச்சில் தள்ளிவிட்டது. ஒரு எச்சரிக்கை இல்லை, பதிவுக் கோப்பில் ஒரு வரிகூட இல்லை. இடையில் இரண்டு நாளும் "ஊசி போட வேண்டாமா?" என்று அம்மா கேட்டார். "நேரம் வந்தால் மணி அடிக்கும்மா" என்று சொன்னது நான்தான். அது இன்னும் உறுத்துகிறது. மூன்று நாள் தாமதத்தால் பெரிய கெடுதல் இல்லை என்றார் மருத்துவர். ஒவ்வொரு தடவையும் அப்படியே சொல்வார் என்று நம்பி உட்கார முடியுமா?

அதற்குப் பிறகு ஏப்ரல் 3, மே 3 என்றே போனது. 31 என்று நான் கொடுத்தது நிரலுக்கு மறந்தே போய்விட்டது. சரி, போன பதிப்பில் மாற்றினீர்கள். இல்லாத தேதி வந்தால் இப்போது மாதக் கடைசிக்கு இழுத்து வருகிறது. ஜனவரி 31க்கு அப்புறம் பிப்ரவரி 28. நல்லது. ஆனால் அதற்கு அடுத்தது மார்ச் 28! முந்தைய விடையிலிருந்தே அடுத்ததைக் கணக்கிடுவதால், ஒரு தடவை சுருங்கிய தேதி மறுபடி 31 ஆவதே இல்லை. தொடக்கத் தேதியோடு இரண்டு மாதம், மூன்று மாதம் என்று கூட்டிப் பாருங்கள், இந்தச் சிக்கல் வராது.

நான் கேட்பது ஒன்றுதான். இல்லாத தேதி வந்தால் எங்களைக் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள். அதை விட்டுவிடுவதா, முந்தைய நாளுக்கு வருவதா, அடுத்த நாளுக்குப் போவதா என்று ஸ்கிரிப்டிலேயே சொல்ல வழி கொடுங்கள். நாங்கள் எதுவும் சொல்லவில்லை என்றால், பிழை காட்டி நிறுத்துங்கள். இது என் கற்பனை இல்லை. காலண்டர் நிரல்கள் தகவல் பரிமாறிக்கொள்ளப் பயன்படுத்தும் ஐகேலண்டர் என்ற பொதுத் தரத்துக்கு 2015இல் வந்த ஆர்எஃப்சி 7529 என்ற நீட்டிப்பு ஆவணத்தில் இந்த மூன்று தேர்வுகளும் இருக்கின்றன. அதன்படி அடுத்த நாள் என்றால் மார்ச் 1. மார்ச் 3 அதிலும் கிடையாது.

மணிக் கணக்கிலும் இதே கதைதான். "நாளை இதே நேரம்" என்று எழுதினால் 24 மணி நேரத்தைக் கூட்டுகிறீர்கள். கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் வருடத்தில் ஒரு நாளுக்கு 23 மணி நேரம், இன்னொரு நாளுக்கு 25. காலை 7 மணி மாத்திரைக்கு அங்கே 23 மணி நேர நாள் வரும்போது 8 மணிக்கு அடிக்கும், 25 மணி நேர நாள் வரும்போது 6 மணிக்கே அடிக்கும். ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹோவ் தீவில் கடிகாரம் அரை மணி நேரம்தான் மாறும். பசிபிக் தீவு நாடான சமோவாவில் 2011 டிசம்பர் 30 என்ற நாளே வரவில்லை. ஒரு நாள் என்றால் 86,400 நொடி என்று எழுதிவைத்துவிட்டு இதையெல்லாம் எப்படிச் சமாளிப்பீர்கள்? தேதிக் கணக்கை நாங்களே போட்டுச் சரிபார்க்க வேண்டும் என்றால் இந்த நிரல் எதற்கு?

கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது, மன்னியுங்கள். சம்பளம் வாங்காமல், சொந்த நேரத்தில் இதை எழுதுகிறீர்கள் என்பதை நான் மறக்கவில்லை. அதனால்தான் வேறு நிரலுக்குப் போகாமல் மறுபடியும் எழுதுகிறேன். டிசம்பர் 31, ஜனவரி 30, பிப்ரவரி 29 ஆகிய மூன்று தொடக்கத் தேதிகளுக்கும் சோதனை ஸ்கிரிப்ட் எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அடுத்த பதிப்புக்கு முன் தயவுசெய்து அவற்றை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இல்லாத தேதி வரும் இடத்தில் எங்களைக் கேளுங்கள்.

அதுவரை அம்மாவின் ஊசித் தேதிகளைக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நிரலின் பழைய பயனர்