பி.எச். 8 என்ற லேபிளுடன் அமில பீனால் அனுப்பியது குறித்துப் புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா,

ஆறு வாரங்களாக மின்னஞ்சல், தொலைபேசி, நேரில் வருகை என எல்லா வழியிலும் முயன்று ஓய்ந்த பிறகே இக்கடிதத்தை எழுதுகிறேன். டிஎன்ஏ பிரித்தெடுப்பதற்காகத் தங்களிடம் வாங்கிய, டிரிஸ் பஃபர் என்ற கரைசலால் பி.எச். 8க்கு, அதாவது லேசான காரத்தன்மைக்கு, சமன் செய்யப்பட்டதாக லேபிளில் அச்சிட்டிருந்த பீனால் குப்பியில் உண்மையில் இருந்தது அமில பீனால்.

கொல்லிமலையில் சேகரித்த 48 சாமை இலை மாதிரிகளை அதைக் கொண்டே சுத்திகரித்தோம். மாதிரிகளைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில், அவற்றை ஊற்றும் கிணறுகளுக்கு அருகே தெரிய வேண்டிய டிஎன்ஏ பட்டை ஒன்றில்கூட இல்லை. கீழே ஆர்என்ஏ மட்டும் மங்கலாகப் படர்ந்திருந்தது. சந்தேகப்பட்டு, குப்பியில் பீனாலின் மேல் நின்ற நீர்ப்படலத்தில் பி.எச். தாளை நனைத்தபோது, பச்சையும் நீலமுமாக மாற வேண்டிய தாள் ஆரஞ்சு நிறமானது. பழைய குப்பியில் எஞ்சியிருந்த பீனாலைக் கொண்டு அதே இலைப்பொடியில் அன்றே செய்து பார்த்தோம். ஐசோபுரொப்பனால் ஊற்றியதும் டிஎன்ஏ வெண்ணூலாகத் திரண்டது.

இதைத் தங்கள் சேவை மையத்தில் விளக்கியபோது, "பீனால்னா பீனால்தான் மேடம், அதுல என்ன எட்டு, நாலு? உங்களுக்குச் செய்யத் தெரியலைன்னா நாங்க என்ன பண்றது?" என்று கேட்டுவிட்டு இணைப்பைத் துண்டித்தார் ஒருவர். ஆர்என்ஏ எடுப்பதற்காக 1987இல் வெளியான, இன்று உலகெங்கும் ஆய்வகங்களில் புழங்கும் முறை அமில பீனாலைக் கேட்பதே, பீனாலுக்கு மேலே நிற்கும் நீரடுக்கில் ஆர்என்ஏ மட்டும் தங்கி, டிஎன்ஏ அதை விட்டு விலக வேண்டும் என்பதற்காகத்தான். இரண்டையும் தனித்தனி விலையில் விற்கும் நிறுவனத்திற்கு இது தெரியாதா? நாங்கள் பத்திரமாக உறிஞ்சி எடுத்த மேலடுக்கில் டிஎன்ஏ இல்லை. கழிவுக் குப்பியில் ஊற்றிய கீழடுக்கோடு என் இரண்டாண்டு உழைப்பு முழுவதும் போய்விட்டது.

அதற்கும் முன்பு, குப்பியை நேரில் கொண்டுவரச் சொன்னார்கள். தோலில் பட்டால் வலிகூட உடனே தெரியாமல் வெந்துபோகச் செய்யும் பொருளைப் பயணிகள் பேருந்தில் எடுத்துச் செல்லச் சொல்வதா? புகைப்படங்களும் ரசீதும் மட்டும் எடுத்துக்கொண்டு, சேலத்திலிருந்து இரவுப் பேருந்தில் கிண்டி அலுவலகத்திற்கு வந்தேன். மூன்று மணி நேரம் உட்கார வைத்தபின், பொறுப்பாளர் விடுப்பில் இருக்கிறார் என்றார்கள். காலையிலேயே சொல்லியிருக்கலாமே!

தங்கள் நிறுவனத்தின் மீது எங்கள் ஆய்வகம் பல்லாண்டுகளாக நம்பிக்கை வைத்திருப்பதால் மீண்டும் பணிவுடன் கேட்கிறேன். லேபிளில் உள்ள தொகுதி எண்ணுக்குரிய பகுப்பாய்வுச் சான்றிதழை அனுப்புங்கள். அதே தொகுதியை வாங்கிய மற்ற ஆய்வகங்களுக்கு உடனே தெரிவியுங்கள். முழுத் தொகையையும் திருப்பித் தந்து, இந்தக் குப்பியைத் தங்கள் செலவில் பாதுகாப்பாக எடுத்துச் செல்லுங்கள். 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், எங்கள் கொள்முதல் குழுவிடம் தங்கள் பெயரை நீக்கக் கோருவதுடன், நுகர்வோர் ஆணையத்தையும் அணுகுவேன். ஜெல் படங்களும் ரசீதின் நகலும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
முனைவர் பட்ட ஆய்வு மாணவி,
சேலம்