பதினாறு நாள் விடுமுறையும் ஒரு நூலக அட்டையும்

அன்புள்ள கண்ணம்மா,

டிசம்பர் பிறந்துவிட்டது. இன்னும் மூன்று வாரத்தில் பள்ளிக்கூடம் அடைத்துவிடுவார்கள். முன்னும் பின்னும் வரும் சனி, ஞாயிறைச் சேர்த்தால் பதினாறு நாள், பிள்ளைகள் இரண்டு பேரும் வீட்டில். "என்னப்பா செய்யட்டும் இவங்கள வெச்சுக்கிட்டு?" என்று நீ கேட்டதற்குப் போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை எழுதிவிடுகிறேன். நூலகத்துக்குக் கூட்டிப் போ என்று எல்லாரும் சொல்வார்கள். எப்போது போவது, போய் என்ன எடுப்பது, எடுத்து வந்து என்ன செய்வது, எங்கே சொதப்பும் என்பதுதான் உனக்குத் தெரிய வேண்டும்.

முதல் வேலையை இந்த வாரமே முடித்துவிடு. நீ இருக்கும் டொராண்டோவின் பொது நூலகத்துக்கு நூறு கிளைகள் உண்டு. உனக்கு வேண்டிய புத்தகம் நகரத்தின் மறுகோடியில் இருக்கும். ஹோல்ட் போட்டால், அதாவது எனக்கு வேண்டும் என்று முன்பதிவு செய்தால், உன் கிளைக்கு வந்து சேரும், ஆனால் நாளாகும். பனி, கிறிஸ்துமஸ், பொம்மைக் கதை என்று டிசம்பரில் எல்லாருமே ஒரே புத்தகங்களைத்தான் கேட்பார்கள். பள்ளி அடைத்த அன்று போய் நின்றால் அலமாரி காலியாக இருக்கும். வந்த ஹோல்டையும் சில நாள்தான் எடுத்து வைப்பார்கள். அதனால் வாரம் ஒரு முறையாவது எட்டிப் பார். புத்தகத்துக்குத் தவணை 21 நாள். 18-ம் தேதி எடுத்தால் ஜனவரி 8 வரை கையில் இருக்கும், விடுமுறை முழுக்க வந்துவிடும். டிசம்பர் 25, 26, ஜனவரி 1 மூன்று நாளும் நூலகம் இல்லை என்பதைக் காலண்டரில் குறித்துக்கொள். 2022 முதல் அங்கே தாமதக் கட்டணம் கிடையாது. இருந்தாலும் தவணைக்குள் திருப்பிக் கொடு, அடுத்து ஒரு குழந்தை காத்திருக்கும்.

ஓர் அட்டைக்கு ஐம்பது வரை தருவார்கள் என்று அள்ளிக்கொண்டு வராதே. சின்னவளுக்குப் பன்னிரண்டு படப் புத்தகம் போதும். நாலு வயதில் ஒரே புத்தகத்தை ஏழெட்டு முறை படிக்கச் சொல்வாள், அதுதான் அவள் கற்கும் வழி. பெரியவனுக்கு நீ வாய்விட்டுப் படித்துக் காட்ட ஒரு பெரிய கதை, அவனே தேர்ந்தெடுத்த மூன்று, கதையல்லாத புத்தகம் இரண்டு. அவன் தேர்ந்தெடுக்கும் மூன்றும் காமிக்ஸாக இருந்தாலும் முகம் சுளிக்காதே. சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-ல் நூலகங்களுக்கென்று எழுதிவைத்த ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது. ஒன்பது வயதுப் பையனும் வாசகர்தான்.

கதையல்லாத புத்தகத்தைத் தேடும்போது, நூலகத்தில் பொருள்வாரியாக அடுக்கப் புத்தகத்தின் முதுகில் போடும் எண்ணை அவன் கையில் கொடுத்துவிடு. நாட்டுப்புறக் கதை 398.2, பனி 551.5784, காகித மடிப்பும் வெட்டும் 736.98, கைவேலை 745.5. குழந்தைகள் பிரிவில் பல சமயம் புள்ளிக்குப் பின்னால் சுருக்கிவிடுவார்கள், அதனால் பனியை 551.5, 551.57 என்ற வரிசையில் தேடினால் சிக்கிவிடும். அலமாரியில் தானே கண்டுபிடித்த புத்தகத்தைப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்ததும் திறப்பார்கள். நாம் எடுத்து நீட்டியது பையிலேயே கிடக்கும்.

இனி வாய்விட்டுப் படிப்பது. அவனுக்கே படிக்கத் தெரியுமே என்று நிறுத்திவிட்டாய் என்று நினைக்கிறேன். நிறுத்தாதே. தானாகப் படிக்க முடிவதைவிட ஒரு படி கடினமான கதையை அந்த வயதில் காதால் வாங்கிக்கொள்ள முடியும். நிதானமாகப் படித்தால் நிமிடத்துக்கு 150 சொல் வரும். இருபது நிமிடத்தில் மூவாயிரம். நாற்பதாயிரம் சொல் உள்ள ஒரு கதைப் புத்தகம் பதினாலு ராத்திரியில் முடியும். விடுமுறைக்குள் ஒரு புத்தகத்தை முழுதாக முடித்தோம் என்ற திருப்தி உங்கள் எல்லாருக்கும் கிடைக்க வேண்டும், அதனால் அந்த அளவுக்கு மேல் தடித்த புத்தகத்தை எடுக்காதே. அத்தியாயத்தின் முடிவில் நிறுத்துவதைவிட, ஏதோ நடக்கப்போகிற இடத்தில் நிறுத்து. மறுநாள் அவனே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருவான். மாப்பிள்ளையும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் படிக்கட்டும். இரண்டு குரலில் கேட்டால் கதை இன்னும் கெட்டியாக மனதில் நிற்கும்.

தமிழுக்கு ஒரு வழி சொல்கிறேன். நகரத்தின் கிழக்கே ஸ்கார்பரோ பக்கத்துக் கிளைகள் பலவற்றில் தமிழ் அலமாரி உண்டு. அங்கே இருக்கும் குழந்தைப் புத்தகம் பலதும் இங்கே நம் ஊரில் படிக்கிற பிள்ளைகளுக்காக எழுதியது, நடை சின்னவளுக்குக் கடினமாகத்தான் இருக்கும். பக்கத்துக்கு இரண்டு வரிக்கு மேல் இல்லாததாகப் பார்த்து எடு. "சென்றான்" என்று அச்சில் இருந்தால் "போனான்" என்று படி, ஒன்றும் குறைந்துவிடாது. இதைவிட நல்லது, எழுத்தே இல்லாத படப் புத்தகம். உதவி மேஜையில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். முதல் முறை பேசாமல் படம் மட்டும் புரட்டுங்கள். இரண்டாம் முறை நீ தமிழில் சொல். மூன்றாம் முறை அவள் சொல்லட்டும். "தி டாக் இஸ் ஸ்லீப்பிங்" என்றால் திருத்தாதே, "ஆமா, நாய் நல்லாத் தூங்குது, பாரு" என்று அதையே தமிழில் சொல்லிவிட்டு மேலே போ. தப்பு என்று சொன்ன அடுத்த நிமிடம் பிள்ளைகள் தமிழில் பேசுவதை நிறுத்திவிடுவார்கள். வெளியே கால் வைக்க முடியாத நாளில், நூலகத்தின் தொலைபேசிக் கதைச் சேவை இருக்கிறது. தமிழிலும் கதை கேட்கலாம். ஸ்பீக்கரில் போட்டு உட்காரவை.

கைவேலையில் ஒன்றை மட்டும் விடாமல் செய்: புத்தகம் செய்வது. வேறு எதையும் செய்ய முடியாமல் போனாலும் பரவாயில்லை. லெட்டர் அளவுத் தாள் (எட்டரைக்குப் பதினோரு அங்குலம்) ஒன்று, கத்தரி, பென்சில், இவ்வளவுதான். தாளை நீளவாக்கில் இரண்டாக மடித்து, நகத்தால் அழுத்திப் பிரி. பிறகு குறுக்காக இரண்டாக மடி, பிரிக்காமல் அதே திசையில் இன்னொரு தரம் மடி. முழுதும் பிரித்தால் எட்டுக் கட்டம் தெரியும், ஒவ்வொன்றும் இரண்டே முக்கால் அங்குலத்துக்கு நாலே கால். இப்போது குறுக்காக ஒரே ஒரு முறை மடி. மடிந்த விளிம்பின் நடுவில் ஆரம்பித்து, நீளவாக்குக் கோட்டின் மேலேயே, அடுத்த மடிப்புக் கோடு வரை வெட்டி அங்கேயே நிறுத்து. பிரித்துப் பார்த்தால் தாளின் நடுவில் ஒரு நீளப் பிளவு இருக்கும். மறுபடி நீளவாக்கில் மடித்து, இரண்டு ஓரத்தையும் பிடித்து ஒன்றை நோக்கி ஒன்றைத் தள்ளு. பிளவு வாயைத் திறக்கும். நான்கு இறக்கையாக வந்ததும் ஒரு பக்கமாகச் சுற்றி அழுத்தினால் எட்டுப் பக்கப் புத்தகம். தையல் இல்லை, பசை இல்லை.

தவறுவது இரண்டு இடத்தில். மடிந்த விளிம்பை விட்டுவிட்டுத் திறந்த விளிம்பிலிருந்து வெட்டினால் நடுவில் பிளவு விழாமல் இரண்டு ஓரமும் கிழிந்து தொங்கும். கோட்டைத் தாண்டி வெட்டினால் பக்கம் கழன்றுவிடும். வெட்டு நிற்க வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக் கொடு. இன்னொன்று, வரையும் முன் புத்தகமாக மடித்து 1 முதல் 8 வரை மூலையில் எண் போட்டுவிட்டு, பிறகு பிரித்து வரையச் சொல். பிரித்த தாளில் ஒரு வரிசை தலைகீழாக இருக்கும். எண் போடாமல் வரைந்தால் பாதிப் படம் தலைகீழாகிவிடும், பிள்ளை அழும்.

உள்ளே என்ன எழுதுவது? இரவில் கேட்ட கதையையே. முன்னட்டை, பின்னட்டை போக ஆறு பக்கம். கதையில் எந்த ஆறு இடம் இல்லாவிட்டால் கதை புரியாது என்று அவனை யோசிக்கவிடு. நாற்பதாயிரம் சொல்லை ஆறு படத்துக்குச் சுருக்குவது சுலபமில்லை, இரண்டு நாள்கூட எடுத்துக்கொள்வான். சின்னவள் வரையட்டும், அவள் சொல்வதைச் சொன்னபடியே கீழே எழுது, உன் இலக்கணத்தைச் சேர்க்காதே. எட்டுப் பக்கமும் தாளின் ஒரே பக்கத்தில் இருப்பதால் நூலகத்து நகல் இயந்திரத்தில் ஒரு நகல் எடுத்தால் இன்னொரு புத்தகம் கிடைத்துவிடும். வண்ணப் பென்சில் நகலில் மங்கிப்போகும், அதனால் கோடுகளின் மேல் கறுப்புப் பேனாவை ஓட்டச் சொல். தாளின் ஓரத்தில் அரை சென்டிமீட்டர் விட்டு வரையட்டும், இயந்திரம் விளிம்பைப் பதிக்காது.

551.57-ல் எடுத்த புத்தகத்துக்குப் பனித்துகள் வெட்டலாம். பள்ளிகளில் எட்டு முனையாக வெட்டித் தொங்கவிடுகிறார்கள், நிஜத்தில் அப்படி ஒன்று விழுவதில்லை. நீர் உறையும்போது மூலக்கூறுகள் அறுகோணமாக அடுக்கிக்கொள்வதால் பனித்துகள் ஆறு கைதான் விடும். அமெரிக்காவின் வெர்மான்டில் வில்சன் பென்ட்லி என்ற விவசாயி 1885-ல் நுண்ணோக்கியோடு கேமராவை இணைத்து அதைப் படம் பிடித்தார், பிறகு ஐயாயிரத்துக்கு மேல் எடுத்தார். சதுரத் தாளை மூலைவாட்டில் மடித்து முக்கோணமாக்கு. நீள விளிம்பின் நடுப்புள்ளியை வைத்து, இடது மூலையையும் வலது மூலையையும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கொண்டுவந்து மூன்று சம பங்காக மடி. அதை மறுபடி பாதியாக மடித்தால் பன்னிரண்டு அடுக்கு. மேலே நீட்டிக்கொண்டிருக்கும் வால்களை வெட்டிவிட்டு, இரண்டு ஓரத்திலும் சின்னச் சின்னதாக வெட்டலாம். பிரின்டர் தாள் என்றால் பன்னிரண்டு அடுக்கு பிள்ளைகளின் கத்தரிக்கு மசியாது. மெல்லிய ஓரிகாமித் தாள் வாங்கு, அல்லது கடைசி மடிப்பை விட்டுவிடு. அப்படி விட்டால் இரண்டு ஓரத்திலும் ஒரே மாதிரி வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் மூன்று கை ஒரு விதமாகவும் மூன்று கை வேறு விதமாகவும் வரும். ஓர் ஓரத்தை முழுக்க வெட்டிவிட்டால் துண்டு துண்டாக உதிரும். நிஜப் பனியைப் பார்க்க வேண்டுமானால், கறுப்புத் துணியை அரை மணி நேரம் வெளியே குளிரவைத்துவிட்டுப் பூதக்கண்ணாடியோடு போங்கள். துணி சூடாக இருந்தால் விழுந்ததும் கரைந்துவிடும். பூஜ்யம் டிகிரியை ஒட்டி விழும் பனி கட்டியாக ஒட்டிக்கொண்டு வரும், ஒன்றும் தெரியாது. கிளை விரித்த நட்சத்திரங்கள் மேகத்தில் மைனஸ் பதினைந்தை ஒட்டி உருவாகின்றன, நல்ல குளிர் நாளில் பார்.

ஒரு நாள் காலேஜ் ஸ்ட்ரீட்டில் ஸ்பாடினாவுக்குப் பக்கத்தில் இருக்கும் லிலியன் எச். ஸ்மித் கிளைக்குக் கூட்டிப் போ. அந்த அம்மாள் 1912-ல் டொராண்டோ நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே பயிற்சி பெற்று வேலைக்கு வந்தவர். வாசலில் இறக்கை வைத்த வெண்கலச் சிங்கம் ஒரு பக்கம், கழுகுத் தலைச் சிங்கம் ஒரு பக்கம். உள்ளே ஆஸ்போர்ன் தொகுப்பு இருக்கிறது. எட்கர் ஆஸ்போர்ன் என்ற இங்கிலாந்து நூலகர் 1949-ல் சுமார் இரண்டாயிரம் பழைய குழந்தைப் புத்தகங்களைக் கொடுத்ததில் ஆரம்பித்தது. பதினாலாம் நூற்றாண்டு ஈசாப் கதைச் சுவடி ஒன்று அங்கே உண்டு. போவதற்கு முந்தின ராத்திரி 398.2-ல் எடுத்த ஈசாப் கதையைப் படித்துவிட்டுப் போனால் பெரியவனுக்கு அது சும்மா பழைய பொருளாகத் தெரியாது. திறந்திருக்கும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு போ. நூலக அட்டையை வைத்து அருங்காட்சியகங்களுக்கு இலவச அனுமதியும் வாங்கலாம், விடுமுறை வாரத்தில் உடனே தீர்ந்துவிடும் என்பதால் வெளியிட்ட அன்றே முயற்சி செய்.

வழக்கமான கதை நேரம் அந்த இரண்டு வாரம் நடக்காமல் போகலாம், அதற்குப் பதிலாகக் கைவேலை, படம் என்று வேறு ஏதாவது வைப்பார்கள். கேட்டுக்கொண்டு போ. பதிவு தேவையில்லாத நிகழ்ச்சி என்றால் கால் மணி நேரம் முன்னதாகப் போனால்தான் இடம். போனால் நீயும் மேஜையில் உட்கார்ந்து ஒரு தாளை எடு. அம்மா ஓரமாக நின்று போனைப் பார்த்தால் சின்னவள் பத்து நிமிடத்தில் எழுந்துவிடுவாள். நீ வெட்டிக்கொண்டிருந்தால் முடியும்வரை இருப்பாள்.

புத்தகத்தை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு வா, ஈரக் கையுறையோடு ஒரே பையில் போடாதே. நனைந்துவிட்டால் ஹீட்டர் மேல் வைக்காதே, தாள் நெளிந்து ஒட்டிக்கொள்ளும். கிழிந்தால் செல்லோடேப் ஒட்டாதே. அந்தப் பசை மஞ்சளாகித் தாளைத் தின்னும், அதை எடுக்க அவர்கள் படும் பாடு பெரிது. அப்படியே கொண்டுபோய்ச் சொல்லிவிடு, அவர்களே சரிசெய்வார்கள்.

ஜனவரி அங்கே தமிழ் மரபுத் திங்கள். 2016-ல் கனடா நாடாளுமன்றமே ஏற்றுக்கொண்டது. பிள்ளைகள் செய்த குட்டிப் புத்தகத்தில் ஒன்றாவது தமிழில் இருந்தால், குழந்தைகள் பிரிவு மேஜையில் கொண்டுபோய்க் காட்டு, காட்சிக்கு வைக்க முடியுமா என்று கேள். ஒரு நகல் எனக்கும் அம்மாவுக்கும் வேண்டும். கவரில் போட்டு அனுப்பு, போனில் போட்டோ வேண்டாம். சனிக்கிழமை பேசும்போது எந்தெந்தப் புத்தகத்துக்கு ஹோல்ட் போட்டாய் என்று சொல்.

அன்புடன்,
அப்பா